அந்த வெள்ளைக்காரிக்கு அவன் என்ன முறை?

“அந்தப் பொண்ணு அவனுக்கு என்ன முறை வேணும்?”

கேட்டவர் ராணியம்மாள், பெண்ணைப் பெற்றவர். கேட்கப்பட்டவன் குப்புராஜ், பெண் பார்க்க வந்தவன். டிவியில் ஒரு வெள்ளைக்காரனும் ஒரு வெள்ளைக்காரியும் சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்றுகொண்டு ஒருவர்மேல் ஒருவர் பீங்கான் தட்டு வீசிக்கொண்டிருந்தார்கள். படம் ஆரம்பித்து நாலு நிமிஷம்கூட ஆகவில்லை.

அவர்கள் கத்திய இங்கிலீஷில் ஒரு வார்த்தைகூடக் குப்புராஜுக்குப் புரியவில்லை. ஆனால் ‘தெரியாது’ என்று சொல்கிற பழக்கம் அவன் பரம்பரையிலேயே கிடையாது. கம்பைநல்லூரில் பம்புசெட்டுக் கடை வைத்திருப்பவன் தெரியாது என்று சொல்ல ஆரம்பித்தால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். மோட்டார் ஏன் ஓடவில்லை என்று யாராவது கேட்டால், மோட்டார் இருக்கும் திசையைக்கூடப் பார்க்காமல் காரணம் சொல்லிவிடுவான். பத்துக்கு ஐந்து சரியாகவும் இருக்கும்.

“அண்ணன் தங்கச்சிங்க,” என்றான் பளிச்சென்று. “எப்படி அடிச்சுக்கறாங்க பாருங்க. கூடப் பொறந்தவங்கதான் இப்படி அடிச்சுக்குவாங்க.”

“அதுவும் நெசந்தான்,” என்று கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் தலையாட்டினார்கள்.

தட்டுகள் தீர்ந்தன. வெள்ளைக்காரன் மேசையைச் சுற்றி ஓடிவந்து, அவளை இழுத்து அணைத்து, வாயில் ஒரு முத்தம் கொடுத்தான். சின்ன முத்தம் அல்ல. கூடத்தில் ஆடிக்கொண்டிருந்த தலைகள் அப்படியே நின்றுவிட்டன.

குப்புராஜுக்கு இங்கிலீஷ் தெரியும் என்பது அவன் கிளப்பிய பொய் அல்ல, தரகர் கோவிந்தன் கிளப்பிய பொய். “இங்கிலீஷ் தெரிஞ்ச பையனாத்தான் பாக்கணும்,” என்று மாரண்டஹள்ளி தக்காளி மண்டிக்காரர் மாதையன் சொன்னபோது, “எங்க பையன் தூக்கத்துல ஒளர்றதே இங்கிலீஷ்லதாங்க,” என்று கோவிந்தன் அடித்துவிட்டார். நிஜத்தில் குப்புராஜின் இங்கிலீஷ் மோட்டாரின் முதுகில் ஒட்டியிருக்கும் தகரத்தில் தொடங்கி அந்தத் தகரத்திலேயே முடிந்துவிடும். பத்தாம் வகுப்பில் வாங்கிய முப்பத்தைந்து மார்க்கிலும் பக்கத்துப் பெஞ்சுக்காரனுக்குப் பாதிப் பங்கு உண்டு.

வேறு பெண்ணாக இருந்திருந்தால் அவன் இந்த வம்புக்கே வந்திருக்க மாட்டான். இரண்டு மாதத்துக்கு முன் மாதையன் தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் மாட்டப் போயிருந்தான். மோட்டார் ஓடியது, தண்ணீர் வரவில்லை. மாதையனின் மகள் நாகவேணி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “மோட்டாரு தலைகீழா சுத்துதுங்களே,” என்றாள். ஒயரை மாற்றி மாட்டிவிட்டோம் என்பது அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது. “தெரிஞ்சுதாங்க சுத்த வுட்டிருக்கேன். மொதல்ல உள்ள இருக்கற காத்து வெளிய போவணும்,” என்றான். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், அன்றைக்குப் போன தூக்கம் அவனுக்கு இன்னும் திரும்பி வரவில்லை. கட்டினால் இவளைத்தான் கட்டுவது, இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று அம்மா ஜானகியம்மாளிடம் சொல்லிவிட்டான்.

பெண் பார்க்க அம்மா, தரகர், குப்புராஜ் மூன்று பேரும் பாலக்கோட்டில் பஸ் மாறி, வெயில் ஏறுவதற்குள் மாரண்டஹள்ளி வந்து சேர்ந்தார்கள். காப்பி வந்தது. காப்பித் தட்டோடு நாகவேணியும் வந்தாள், குனிந்த தலை நிமிராமல் போனாள். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. பின்கட்டிலிருந்து வடை பொரிகிற வாசனையும் பாயசத்து ஏலக்காய் வாசனையும் மட்டும் வந்தன. அந்தப் பக்கத்து வழக்கம் அப்படி. காப்பித் தண்ணி யார் வேண்டுமானாலும் குடிக்கலாம். பெண் வீட்டில் இலை போட்டுக் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். பிடிக்கவில்லை என்றால் பசியோடு பஸ் ஏற வேண்டியதுதான்.

“பெரியவங்க வந்திருக்கீங்க, ஒரு சாமி படம் பாத்துட்டுப் பேசலாமே,” என்று மாதையன் எழுந்தார். எண்பத்தேழாம் வருஷம் அது. மாரண்டஹள்ளியில் கலர் டிவியும் வீடியோ டெக்கும் இருந்த வீடுகள் இரண்டோ மூன்றோதான். வந்தவர்களுக்குப் போட்டுக் காட்டுவது இயல்புதானே என்று குப்புராஜும் நினைத்தான். கேசட்டு டப்பாவின் மேலே வேலும் மயிலும் இருந்தன. உள்ளேயிருந்து வந்தது கறுப்பு வெள்ளையில் ஒரு பழங்கால அமெரிக்கப் படம். சினிமா பேச ஆரம்பித்த புதிதில் எடுத்தது.

“அட, கேசட்டு மாறிப்போச்சு! இங்கிலீஷ் படமால்ல இருக்குது?” என்றார் மாதையன்.

“நிறுத்திடுங்களேன்,” என்று தரகர் பாதி எழுந்துவிட்டார்.

“எதுக்கு நிறுத்தணும்? தம்பிக்குத்தான் இங்கிலீஷு தெரியுமே. அவரு கதை சொல்லட்டும், நாம கேப்போம்.”

“என் மவனுக்கு இங்கிலீஷு தண்ணி பட்ட பாடுங்க,” என்றார் ஜானகியம்மாள். தரகர் சொன்னதை அந்த வீட்டில் முழுசாக நம்பிய ஒரே ஆள் பெற்ற தாய்தான்.

குப்புராஜ் அசரவில்லை. ஒரே வார்த்தையில் படத்தை நிறுத்திவிடலாம் என்று கணக்குப் போட்டான். “இது பொம்பளைங்க பாக்கற மாதிரி படம் இல்லீங்களே,” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

அதைவிடப் பெரிய விளம்பரம் ஒரு படத்துக்குக் கிடையாது. அடுக்களையில் இருந்தவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து மூன்று பேர், எதிர்வீட்டிலிருந்து இரண்டு பேர். யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள். யாரோ ஒரு முறம் வறுத்த கடலையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள். முதல் நிமிஷத்தில் ஆறு பேராக இருந்த கூட்டம் மூன்றாம் நிமிஷத்தில் பதினைந்து பேராகிவிட்டது. நாலாம் நிமிஷத்தில்தான் அந்த முத்தம்.

“ஏந்தம்பி,” என்றார் ராணியம்மாள் மெதுவாக, “அண்ணன் தங்கச்சின்னீங்களே?”

தரகர் குப்புராஜின் தொடையில் கிள்ளினார். திரையில் வெள்ளைக்காரன் ஆணியில் மாட்டியிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே கிளம்பினான். குப்புராஜ் அந்தத் தொப்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

“அதாங்க படத்தோட விசேஷமே! இது ரெட்டை வேசம். தட்டு வீசினவன்தான் அண்ணன். முத்தம் குடுத்தவன் அண்ணன் இல்லீங்க, அச்சு அசலா அவன மாதிரியே இருக்கற அத்தை மவன்.”

“ஆளு எப்ப மாறுனான்?”

“மேசையச் சுத்தி ஓடுனான் பாத்தீங்களா, அப்பதான்.”

“அப்ப அண்ணங்காரன் எங்க?”

“மேசைக்கு அடியில.”

பெண்கள் யோசித்தார்கள். “அத்தை மவன்னா முறைதான். ஆனாலும் கல்யாணத்துக்கு முன்னாடி இதெல்லாம் ஜாஸ்தி,” என்றாள் எதிர்வீட்டுக்காரி.

“வெள்ளைக்காரங்க அப்படித்தாங்க. கண்டுபிடிக்கறது ரொம்பச் சுலபம். தொப்பி போட்டிருந்தா அத்தை மவன், தொப்பி இல்லன்னா அண்ணன்.”

கால் மணி நேரம் தொப்பி அவனைக் காப்பாற்றியது. படம் எடுத்தவனும் கைகொடுத்தான். சரியான கஞ்சன் போலிருக்கிறது அந்தத் தயாரிப்பாளன். கதாநாயகன் வீடு, கதாநாயகி வீடு, ஓட்டல், போலீஸ் ஸ்டேஷன் எல்லாமே ஒரே அறைதான். ஜன்னல் திரையை மட்டும் மாற்றி மாற்றித் தொங்கவிட்டிருந்தான். கார் ஓடும்போது ஜன்னலுக்கு வெளியே ஒரே மரம் ஐந்து தடவை போனது. “அந்த மரம் மறுக்காவும் வருது பாரு,” என்று பெண்கள் மரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததால் கதையை யாரும் கேட்கவில்லை. குப்புராஜ் இரண்டு கடலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். இங்கிலீஷ் ஒன்றும் பெரிய வித்தை இல்லை என்றுகூட அவனுக்குத் தோன்ற ஆரம்பித்தது.

மாதையன்தான் கெடுத்தார். கதாநாயகி டெலிபோனை எடுத்து ஒரு நிமிஷம் மூச்சுவிடாமல் பொரிந்து தள்ளினாள். “தம்பி, இப்ப அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு?” என்றார்.

“வேணாம்னு சொல்லுச்சுங்க.”

“இத்தன நேரம் பேசுச்சே?”

“இங்கிலீஷ்ல அப்படித்தாங்க. வேணாம்கறத வேணாம்னு சொல்ல மாட்டாங்க. சுத்தி வளைச்சுத்தான் சொல்லுவாங்க.”

உடனே தொப்பிக்காரன் ஒரே ஒரு வார்த்தை சொன்னான். “நோ!”

“இப்ப அவன் என்ன சொன்னான்?”

“‘நீ வேணாம்னு சொன்னா நான் வுட்டுருவேனா, எங்கம்மாவும் உங்கப்பாவும் கூடப் பொறந்தவங்க, உனக்காக நான் மூணு வருசமா காத்துக்கிட்டு இருக்கேன்’னு சொன்னானுங்க.”

“‘நோ’ன்னு ஒரு வார்த்தைதானே கேட்டுச்சு?”

“ஆம்பளைங்க இங்கிலீஷு ரொம்பச் சுருக்கமுங்க,” என்றான் குப்புராஜ். சொன்ன பிறகு அவனுக்கே வியர்த்தது. இப்படி வார்த்தைக்கு வார்த்தை கேட்டால் ஊர் போய்ச் சேர முடியாது என்று, “டிவி சத்தம் ஜாஸ்தியா இருக்குதுங்க. பின்னாடி இருக்கறவங்களுக்கு நான் சொல்றது கேக்காது,” என்றான்.

மாதையன் சத்தத்தைக் குறைத்தார். குறைத்தார் என்றால், அடியோடு மூடிவிட்டார். “இப்ப நல்லா கேக்கும். நீங்களே பேசுங்க தம்பி, எல்லாருக்கும்.”

படத்துக்குப் பேச்சு வந்துவிட்டதே என்று ஆசைப்பட்டு எவனோ எடுத்த படம், மாரண்டஹள்ளியில் மறுபடியும் ஊமையானது. திரையில் எட்டுப் பேர் இருந்தார்கள். எட்டுப் பேருக்கும் இனி குப்புராஜ்தான் வாய். அவனும் சளைக்கவில்லை, பொம்பளைக் குரலில் கொஞ்சினான், போலீஸ்காரன் குரலில் மிரட்டினான். நாய் வந்தபோது குரைக்கவும் செய்தான்.

அப்போது வாசற்படியில் குள்ளம்மாள் வந்து நின்றாள். விசேஷங்களுக்குச் சமையல் செய்து கொடுக்க வருகிறவள். “சோறு வடிச்சாச்சுங்க. எலை போடலாங்களா?”

ஜானகியம்மாள் ஆசையோடு நிமிர்ந்தார். காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டவர்.

“இருக்கட்டும், படம் முடியட்டும்,” என்றார் மாதையன். அந்தக் குரலில் சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. குப்புராஜ் கதவுப் பக்கம் பார்த்தான். குள்ளம்மாளுக்குப் பின்னால் நாகவேணி நின்றுகொண்டிருந்தாள். முகம் இருட்டில் தெரியவில்லை.

திரும்பிப் பார்ப்பதற்குள் திரையில் தொப்பிக்காரன் அந்தப் பெண்ணின் வீட்டுக்குள் நுழைந்தான். நுழைந்தவன் தொப்பியைக் கழற்றி வேலைக்காரன் கையில் கொடுத்துவிட்டான்.

“அய்யய்யோ! தொப்பியக் கழட்டிட்டான்! இப்ப இவன் யாரு, அண்ணனா?” என்று கூச்சல் எழுந்தது. தொப்பி இல்லாதவன் நேராகப் போய் அவளைக் கட்டிக்கொண்டான்.

“தம்பி!” என்றார் ராணியம்மாள். இந்தத் தடவை குரல் மெதுவாக இல்லை.

“பொறுங்க, பொறுங்க. இப்பதான் கதையில திருப்பமே வருது.” குப்புராஜ் நெற்றியைத் துடைத்தான். “ரெண்டு பேரே கெடையாதுங்க. ஒரே ஆளுதான். அத்தை மவன்தான் அண்ணன் மாதிரி வேசம் போட்டுக்கிட்டு இத்தன நாளா அதே வூட்டுல இருந்திருக்கான்.”

“எதுக்கு?”

“பொண்ணச் சோதிச்சுப் பாக்கத்தாங்க. கட்டிக்கப் போறவ எப்படிப்பட்டவன்னு தெரிய வேணாமா?”

கூடத்தில் பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். மாதையனுக்கு இருமல் வந்தது.

“இப்படி ஒளிஞ்சு மறைஞ்சு சோதிக்கறது தப்பில்லீங்களா தம்பி?” என்றார் ராணியம்மாள்.

“தப்பே இல்லீங்க!” மூழ்குகிறவனுக்குத் தரை தட்டுப்பட்டதுபோல் இருந்தது குப்புராஜுக்கு. “கல்யாணம்னா சும்மாவா? வாழ்நாள் முழுக்கக் கூட இருக்கப் போறவங்கள நல்லா தட்டிப் பாத்துத்தான் எடுக்கணும். நானா இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்.”

“சரி சரி, நீங்க சொன்னா சரிதான்,” என்றார் ராணியம்மாள், வாயைத் துடைத்துக்கொண்டே.

“ஏண்டா,” என்று ஜானகியம்மாள் அவன் சட்டையை இழுத்தார். “மேசைக்கு அடியில போனவன் என்னடா ஆனான்? அவனுக்குப் பசிக்காதா?”

“அம்மா, சும்மா இரு.”

இந்த இடத்தோடு நிறுத்தியிருந்தால்கூடத் தப்பித்திருப்பான். ஆனால் அடுத்த காட்சியில் ஒரு குண்டு மனிதர் உள்ளே வந்தார். முறுக்கிய மீசை, கையில் பூங்கொத்து, பின்னால் பெட்டி பெட்டியாகச் சாமான்.

“இது யாரு?”

சீர்வரிசையோடு வருகிறவர் யாராக இருப்பார்? குப்புராஜின் வாய் அவனைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டது. “தாய்மாமனுங்க.”

குண்டு மனிதர் அந்தப் பெண்ணுக்கு முன்னால் மண்டி போட்டு, மோதிரம் எடுத்து அவள் விரலில் மாட்டினார்.

கூடமே குலவை போடாத குறையாகச் சந்தோஷப்பட்டது. “தாய்மாமன் மோதிரம் போட்டுட்டான்! உரிமைக்காரன்! அத்தை மவனெல்லாம் அதுக்கப்புறந்தான்!” என்றாள் எதிர்வீட்டுக்காரி. ராணியம்மாள் மாதையன் பக்கம் கையைக் காட்டி, “என்னையே எங்க தாய்மாமனுக்குத்தான் கட்டி வெச்சாங்க,” என்றார். மாதையன் மீசையைத் தடவிக்கொண்டார்.

அவ்வளவுதான், கட்சி மாறிவிட்டது. பதினைந்து பேரும் குண்டு மனிதர் பக்கம். ஒல்லியாக, அழகாக, ஊருக்கெல்லாம் பிடித்த மாதிரி இருந்த கதாநாயகன் இந்த வீட்டில் மட்டும் வில்லன். அவன் ஜன்னல் வழியாக ஏறி வந்து அவளிடம் பேசினால், “உரிமைப்பட்டவன் இருக்கறப்ப இவனுக்கு என்ன வேலை?” என்று திட்டினார்கள். அவள் அவனைப் பார்த்துச் சிரித்தால், “மாமனுக்குத் துரோகம் பண்றாளே,” என்று திட்டினார்கள்.

“தம்பி,” என்றார் மாதையன் நிதானமாக, “இந்தக் கதையில கடைசியா அந்தப் பொண்ணு யாரோட போவும்? முறையோட முடியுமில்ல?”

எந்த ஊர்ப் படமாக இருந்தாலும் ஒல்லியானவனோடுதான் அவள் போவாள் என்பது குப்புராஜுக்குத் தெரியும். அந்த ஒரு விஷயத்துக்கு இங்கிலீஷ் தேவையில்லை. முறை கெட்ட கதையை வாயால் சொன்னவனுக்கு இந்த வீட்டில் இலை விழாது. தாய்மாமன் என்று சொன்ன நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது. கரண்டாவது போகக் கூடாதா என்று மேலே பார்த்தான். தினமும் மத்தியானம் தவறாமல் போகிற கரண்ட் அன்றைக்கு ஆடாமல் அசையாமல் நின்றது.

“முறையோடதாங்க முடியும்,” என்றான். வேறு என்ன சொல்வது?

கல்யாணக் காட்சி வந்தது. அதே அறைதான், இந்தத் தடவை திரைக்குப் பதில் பூமாலை. குண்டு மனிதர் கோட்டு மாட்டி நின்றார். மணப்பெண் வெள்ளை உடையில் வந்தாள். பக்கத்து வீட்டுக் கிழவி முன்கூட்டியே சிரிக்க ஆரம்பித்தாள். என்ன என்று பார்ப்பதற்குள் கதாநாயகன் ஒரு ஆட்டை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தான். ஆடு மணப்பெண்ணின் பூச்செண்டைத் தின்றது. பாதிரியார் மேசைமேல் ஏறினார். குண்டு மனிதர் ஆட்டைத் துரத்தப் போய் ஆளுயரக் கேக்கின்மேல் குப்புற விழுந்தார். அந்த அமளியில் கதாநாயகன் மணப்பெண்ணைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

“அடப் பாவி! தூக்கிட்டுப் போறான்!”

“உரிமைக்காரன் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கறானே!”

குண்டு மனிதர் எழுந்தார். முகமெல்லாம் வெள்ளைக் கிரீம். கையை முறுக்கி ஆட்டிக்கொண்டு ஏதோ கத்தினார், சத்தம் இல்லாமல். கேக்கை அள்ளி அள்ளி அந்த இரண்டு பேர்மேலும் எறிந்தார்.

மாதையன் டிவியை விட்டுவிட்டுக் குப்புராஜைத் திரும்பிப் பார்த்தார். “தம்பி. அந்த மாமங்காரன் என்ன சொல்றான்?”

பதினைந்து தலைகளும் திரும்பின. கடலை கொறிக்கிற சத்தம் நின்றது. தரகர் கிள்ளவில்லை, செருப்பை எங்கே விட்டோம் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். குப்புராஜின் தொண்டை வரைக்கும் ‘தெரியாதுங்க’ வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து சொல்லாத வார்த்தை. சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாமா என்று நிமிர்ந்தவன் கதவோரம் நின்ற நாகவேணியைப் பார்த்தான். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தாள். இவளை விட்டுவிட்டுப் போவதா? முடியவே முடியாது.

“ஆசீர்வாதம் பண்றாருங்க,” என்றான்.

“கைய முறுக்கிக் காட்டறானே?”

“கைக்குள்ள அட்சதை இருக்குதுங்க.”

“கேக்கத் தூக்கி அடிக்கறானே?”

“அட்சதை தீந்துபோச்சுங்க. வெள்ளைக்காரங்களுக்கு அரிசிக்கு எங்க போறது? கையில கெடைச்சதப் போடறாரு.” அவன் எழுந்தே நின்றுவிட்டான். “அவரு என்ன சொல்றாருன்னா, ‘உரிமை எனக்குத்தான் இருக்குது, இல்லன்னு எவனும் சொல்ல முடியாது. ஆனா இந்தப் பொண்ணு எங்கூட இருந்தப்ப ஒரு தடவயாவது சிரிச்சுதா? அந்தப் பயகூடத் தட்ட வீசிச் சண்டை போட்டப்பகூடச் சிரிச்சுதே! அவன் பொய்க்காரன்தான், வேசம் போட்டவன்தான், எனக்கும் தெரியும். ஆனா அவன் போட்ட வேசமெல்லாம் இவளுக்காகத்தான். முறைங்கறது நான் வுட்டுக் குடுத்தா அவனுக்கு வந்துரும். நான் வுட்டுக் குடுக்கறேன், நல்லா இருங்க’ன்னு சொல்றாருங்க.”

இப்போது அவன் யாருக்கும் கதை சொல்லவில்லை, தன் மனசில் இருந்ததைத்தான் கொட்டினான். திரையில் பெரிய எழுத்தில் இரண்டு வார்த்தை வந்தது. “தி எண்ட்,” என்று உரக்கப் படித்தான். “முடிஞ்சுதுன்னு போட்டிருக்காங்க.” முழுப் படத்திலும் அவன் ஒழுங்காக மொழிபெயர்த்தது அந்த ஒரு வரியைத்தான்.

ராணியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாதையன் டெக்கை அணைத்தார், கேசட்டை வெளியே எடுத்தார், வேலும் மயிலும் இருந்த டப்பாவில் போட்டு மூடினார், அடுக்களைக்குள் போனார். உள்ளே நாகவேணியின் குரல் கேட்டது. என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை.

“ரெண்டரைக்கு ஒரு பஸ்ஸு இருக்குது,” என்று தரகர் முணுமுணுத்தார்.

“வடை வாசனையோட திரும்பிப் போவணுமாட்டங்குது,” என்றார் ஜானகியம்மாள் வருத்தத்தோடு.

குப்புராஜுக்கு இரண்டும் காதில் விழவில்லை. அடுக்களைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மாதையன் வெளியே வந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

“மாப்பிள்ளை, எந்திரிங்க. கை கழுவிட்டு வாங்க. எலை போட்டாச்சு.”

தம்பி மாப்பிள்ளை ஆகிவிட்டான்! தரகர் நாற்காலியிலேயே பொத்தென்று சாய்ந்தார். ஜானகியம்மாள் முதல் ஆளாகக் கை கழுவப் போனார். பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு கலைந்தார்கள். கூடத்தில் வரிசையாக இலை விழுந்தது. வடை, அப்பளம், பருப்பு, நெய், எல்லாம் விழுந்தன. குப்புராஜ் சோற்றில் கை வைத்தான். ஆயிற்று, கை நனைந்துவிட்டது, இனி பிரம்மாவே வந்தாலும் பிரிக்க முடியாது.

வயிற்றுக்குள் சோறு போகப் போக அவனுக்குப் பழைய தெம்பு இரட்டிப்பாகத் திரும்பியது. பக்கத்து இலைத் தரகரிடம் குனிந்தான். “பாத்தீங்களா? நீங்க செருப்பத் தேட ஆரம்பிச்சுட்டீங்க. எதுக்கும் தெகிரியம் வேணும். பதினஞ்சு பேரு, ஒருத்தருக்காவது சந்தேகம் வந்துச்சா? நான் சொன்னதுதான் அந்தப் படத்துக் கதைன்னு இந்த ஊரே இனிமே சத்தியம் பண்ணும்.”

“நீங்க பெரிய ஆளுங்க,” என்றார் தரகர், நிஜமான மரியாதையோடு.

குள்ளம்மாள் பாயசத் தூக்கோடு வரிசையில் வந்துகொண்டிருந்தாள். குப்புராஜ் இலைக்கு முன்னால் நின்று, அவன் போதும் போதும் என்று கையை ஆட்டியதைக் கண்டுகொள்ளாமல், இரண்டு கரண்டி நிறைய ஊற்றினாள்.

“நல்லா சாப்புடுங்க மாப்பிள்ளை, உங்களுக்கு முந்தி வந்த மூணு பேருக்கும் இதே படத்தத்தான் போட்டாங்க, ஆளுக்கொரு கதை சொன்னாங்க, இந்த நாலு கதையில உங்களுதுதான் நல்லாருக்குதுன்னு எங்க நாகவேணி சொல்லிருச்சு.”